வடக்கே மட்டும் போகும் வண்டி

பஞ்சாங்கம் கணித்தவர்கள் தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தைப் பார்த்ததில்லை. அவர்கள் இருந்த ஊரில் நாலு பக்கமும் பாதை ஓடியது. திங்களும் சனியும் கிழக்கே சூலமா, மேற்கே போய்க்கொள்ளலாம். செவ்வாயும் புதனும் வடக்கே சூலமா, தெற்கே யாராவது ஒரு சித்தப்பா இல்லாமலா போவார்? சிங்கப்பூரில் எங்களுக்கு வாய்த்தது ஒரே தண்டவாளம். நிலையத்துக்கு எதிரே சாலை, சாலையைத் தாண்டினால் கிடங்குகள், கிடங்குகளைத் தாண்டினால் கடல். வண்டி தெற்கே போக வேண்டுமென்றால் நீந்தத்தான் வேண்டும். ஏறி உட்கார்ந்தால் வடக்கு. அதனால் செவ்வாயும் புதனும் இந்த ஊரில் ரயில் ஏறிய தமிழர்கள் அத்தனை பேரும் சூலத்தின் முனையில் போய்த்தான் உட்கார்ந்தார்கள்.

வடக்குச் சூலத்துக்குப் பரிகாரம் பால். ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளம்பினால் குத்தாது என்பது நம்பிக்கை. நிலையத்தின் ஓரத்தில் ஒரு பாய் சாப்பாட்டுக்கடை நடத்தினார். ஐம்பதுகளில் நான் துறைமுகக் கிடங்கு ஒன்றில் கணக்கு எழுதும் கிராணி. கிடங்கிலிருந்து நிலையம் நடக்கிற தூரம். செவ்வாய்க்கிழமை என்றால் தேநீர் இடைவேளைக்கு அங்கேதான் போவேன். டிரங்குப் பெட்டியும் மூட்டையுமாக வந்து இறங்குகிறவர்கள் டிக்கெட் ஜன்னலுக்குப் போகுமுன் பாய் கடைக்கு வருவார்கள். ஆளுக்கு ஒரு கிளாஸ் பால். பிடிக்காத பிள்ளைகளுக்கு மூக்கைப் பிடித்து ஊற்றுவார்கள். பாய் அதற்கென்றே இரண்டு நாளும் பெரிய பாத்திரம் ஏற்றுவார்.

"என்ன பாய், வாரத்துல ரெண்டு நாள் உங்க மாட்டுக்கு ஓவர்டைமா?" என்பேன்.

"உங்க ஆளுங்க புண்ணியம் தம்பி. எனக்குத் தெக்கே ஒரு கடை இருந்தா மத்த நாளும் ஓடும்" என்பார்.

ஒருநாள் பால்காரர் வராமல், பாய் டின்பாலைக் கரைத்துக் கொடுத்துவிட்டார். டின்பால் செல்லுமா செல்லாதா என்று பெரிய வழக்கு. செல்லாது என்று அடித்துச் சொன்னவர் பிற்பாடு எனக்கு மச்சான் ஆனார். ஈப்போவுக்குப் போகவேண்டிய ஒரு குடும்பம் அவர் பேச்சைக் கேட்டு அன்று வண்டி ஏறாமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரிப்பது அந்த வயதில் எனக்குச் சம்பளமில்லாத இன்னொரு உத்தியோகம்.

அந்தக் கட்டடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முகப்பில் நாலு வெள்ளை உருவங்கள் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும். உள்ளே கூடம் கோயில் மண்டபத்தைவிட உயரம். சுவரெல்லாம் ரப்பர் மரத்தில் பால் வடிப்பது, வயலில் நாற்று நடுவது, ஈயம் எடுப்பது என்று பெரிய பெரிய படங்கள். அந்த வேலையையெல்லாம் செய்து முதுகு ஒடிந்தவர்கள் அதே படங்களுக்குக் கீழே மூட்டையின்மேல் படுத்துத் தூங்குவார்கள். மலாயாவில் காட்டுச் சண்டை நடந்த அவசரகாலத்தில் அந்தக் கூடத்தில் யாரும் உரக்கப் பேசமாட்டார்கள். வண்டிக்கு முன்னால் வேவு பார்க்க ஒரு இன்ஜின் தனியாக ஓடும். அந்தக் காலத்தில் ஒருமுறை நான் சிகாமட் வரை போனேன். வழி நெடுக இருக்கைக்குக் கீழே உட்கார்ந்து வந்தேன். செருப்பு விழுந்துவிட்டது, தேடுகிறேன் என்று எதிரே இருந்த சீனக் கிழவரிடம் சொல்லியிருந்தேன். ஜொகூர் பாரு தாண்டியதும் அவரும் இறங்கி வந்து என் பக்கத்தில் செருப்புத் தேடினார்.

நடைமேடை வாசலில் டிக்கெட் பார்ப்பவராக இருந்தவர்தான் பின்னாளில் என் மாமனார். வெள்ளைச் சட்டை, கறுப்புத் தொப்பி, சிரித்து யாரும் பார்க்காத முகம். நண்பன் ஒருவனை வழியனுப்பப் போனபோது பிளாட்ஃபாரம் டிக்கெட் எடுக்காமல் நழுவப் பார்த்தேன். சட்டைக் காலரைப் பிடித்து வெளியே விட்டார். ஆறேழு மாதம் கழித்து, ரயில்வே குடியிருப்பில் ஒரு பெண் இருக்கிறது என்று தரகர் அழைத்துப் போனார். பாயில் உட்கார்ந்திருந்தவர் அதே மனிதர். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னைக்காவது டிக்கெட் இருக்கா?" என்றார்.

அப்படியும் பெண் கொடுத்தார். சில வருஷத்தில் அவரை மலாயாவில் குளுவாங் நிலையத்துக்கு மாற்றினார்கள். மனைவி இல்லாதவர், கூடவே விதவையான தங்கையை அழைத்துக்கொண்டு போனார். ஓய்வு பெற்றும் அங்கேயே தங்கிவிட்டார். நிலையத்துக்குப் பின்னால் தகரக் கூரை வீடு. படுத்த இடத்திலிருந்தே வண்டிச் சத்தம் கேட்க வேண்டுமாம். நாங்கள் ஃபேரர் பார்க் பக்கத்தில் இரண்டு அறையில் இருந்தோம். பள்ளி விடுமுறை வந்தால் பையன்கள் இரண்டு பேரையும் வண்டியேற்றினால் போதும். தாத்தா அங்கே இறக்கிக்கொள்வார். குளுவாங் எங்களுக்கு வெளியூரே தவிர வெளிநாடு இல்லை.

பிறகு நாடு இரண்டாயிற்று. நிலையம் சிங்கப்பூரில் நின்றது; தண்டவாளமும் அது படுத்திருந்த மண்ணும் மலேசியாவுக்கு. "தண்டவாளத்து ஓரத்துப் புல்லை மேய்ற மாடு எந்த நாட்டுப் பிரஜை?" என்று நான் கிடங்கில் கேட்டுக்கொண்டு திரிந்தேன். எல்லாரும் சிரித்தார்கள். ஒன்றிரண்டு வருஷத்தில் பாஸ்போர்ட் வேண்டும் என்றார்கள். நடைமேடையில் இரண்டு மேசைகள் வந்தன. ஒன்று இந்த நாட்டிலிருந்து அனுப்பிவைக்க, இன்னொன்று அந்த நாட்டில் சேர்த்துக்கொள்ள. நடுவில் சில எட்டு நடந்தால் நாடு மாறிவிடும். நானும் மனைவியும் பாஸ்போர்ட் எடுத்தோம். பையன்களுக்கு எடுக்கவில்லை. பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம்.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் மச்சான் கிடங்கு வாசலில் வந்து நின்றார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். என்னைப்போல் இரண்டு பங்கு உடம்பு. குவீன்ஸ்டவுனில் அடுக்குமாடி வீடு கிடைத்தபோது வாசல் எந்தத் திசை என்று கேட்டு எடுக்க முடியாத கவலையிலேயே ஒரு சுற்று இளைத்தவர். கையில் தந்தி.

"அப்பாவுக்கு மோசமா இருக்காம் மாப்ள. உடனே வரச் சொல்லி அத்தை அடிச்சிருக்கு."

மாமனாரிடம் பயந்தே பழகியவன் நான். அவர் சாகக்கூடிய மனிதர் என்ற எண்ணமே எனக்கு அதுவரை வந்ததில்லை.

மனைவி மருத்துவமனையில் ஆயா. அன்று பிற்பகல் ஷிஃப்ட். அப்போதுதான் வேலைக்குப் போயிருப்பாள். வீடு திரும்பும்போது இரவு மெயில் போயிருக்கும்.

"போய்ச் சொல்லிடுவோமா?" என்றேன்.

"சொன்னா வார்டுலயே விழுந்துடுவா. ராத்திரி பக்குவமாச் சொல்லு. நாளைக் காலை வண்டியில அழைச்சிட்டு வா. நான் இப்பவே போறேன்." சொல்லிவிட்டு விரலை மடக்கினார். முகம் மாறியது. "நாளைக்குச் செவ்வா! வடக்கே சூலம் மாப்ள!"

"பால் குடிச்சிட்டு வர்றோம் மச்சான்."

"சும்மா போற பயணத்துக்குப் பால் போதும். இது உயிர் விஷயம். பரஸ்தானம் வச்சாகணும்."

நல்ல நாளில் கிளம்ப முடியாதவர்கள், அதற்கு முந்தின நல்ல வேளையில் தங்கள் பையை மட்டும் வீட்டைவிட்டுக் கிளப்பிப் பக்கத்து வீட்டில் வைப்பார்கள். பை கிளம்பினால் ஆள் கிளம்பின கணக்கு. அதுதான் பரஸ்தானம். மச்சான் அதைவிட ஒரு படி மேலே போனார். பக்கத்து வீடு எதற்கு, தங்கையின் பையைத் தானே குளுவாங்குக்குக் கொண்டுபோகிறேன், பயணம் பாதி முடிந்ததாகவே ஆகிவிடும் என்றார். இருபது வருஷமாக இதையெல்லாம் கேலி செய்தவன் நான். அன்றைக்கு என்ன சொன்னேன்? "அருமையான யோசனை மச்சான்" என்றேன். டாக்சிக்காரனிடம் ஃபேரர் பார்க்குக்கு வழி சொல்லும்போது என் குரல் ஆட்டுக்குட்டி குரலாக இருந்தது.

வீட்டில் அவளுடைய இரும்புப் பெட்டியைத் திறந்தோம். மச்சான் மேலே இருந்த நாலு சேலையை மடிப்பு கலையாமல் அப்படியே அள்ளிப் பையில் வைத்தார். நானும் உதவி செய்தேன். வெந்நீர்ப் பை ஒன்று போட்டேன். மூன்று டம்ளர் போட்டேன். சின்னவனுடைய பள்ளிக்கூட பெல்ட்டை ஏன் போட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை. மச்சான் வண்டி ஏறினார். பை அவர் மடியில் உட்கார்ந்து போனது. எனக்கு மனசு கொஞ்சம் லேசாகக்கூட இருந்தது.

அவள் வந்ததும் பக்குவமாகச் சொன்னேன். என் பக்குவம் இப்படி இருந்தது: "சாப்பிட்டியா? சாப்பிடு. பதறாதே. யாரும் சாகலை."

அவள் தந்தியைப் படித்தாள். அழவில்லை. "எப்ப வந்துச்சு இது?"

"மத்தியானம்."

"மத்தியானமா? அப்பவே ஒரு எட்டு வந்து சொல்லியிருந்தா இந்நேரம் நான் அப்பா பக்கத்துல இருப்பேன்ல?"

"உங்க அண்ணன்தான்..."

"அண்ணன் சொன்னா? உங்களுக்கு வாய் இல்லையா? ஊருக்கெல்லாம் இருக்கே!"

அவள் எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்தாள். நான் பெருமையாக, பை கட்டியாகிவிட்டது, போயும் சேர்ந்தாகிவிட்டது என்றேன். அவள் பெட்டிக்குள் கையை விட்டவள் அப்படியே நின்றாள்.

"மேல இருந்த மயில்கழுத்துச் சேலை எங்கே?"

"பையில."

"அந்த மடிப்புக்குள்ளதான் என் பாஸ்போர்ட்டு இருந்துச்சு."

தாலிச் சங்கிலியின் ரசீது முதல் பையன்களின் பிறப்புப் பத்திரம் வரை அவள் எல்லாவற்றையும் சேலை மடிப்பில்தான் வைப்பாள். எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் அதுதான் பெட்டகம். அது எனக்கும் தெரியும், மச்சானுக்கும் தெரியும். தெரிந்த இரண்டு ஆண்பிள்ளைகள் சேர்ந்து, போகவேண்டியவளை இங்கே நிறுத்திவிட்டு அவளுடைய அனுமதியை நாடு கடத்தியிருந்தோம்.

அப்போது நான் செய்தவற்றைச் சொல்கிறேன். முதலில் கட்டிலுக்கு அடியில் தேடினேன். பிறகு அரிசி டின்னில் தேடினேன். பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்துகொண்டே தேடினேன். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "டின்னை மூடுங்க. எறும்பு ஏறும்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை, பையன்களை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு இருவரும் நிலையத்துக்குப் போனோம். மேசையில் இருந்தவர் இளைஞர், நல்ல மனிதர். அவரிடம் நான் தந்தியைக் காட்டினேன், மாமனார் இதே வாசலில் நின்ற கதையைச் சொன்னேன், சூலத்தைப் பற்றிக்கூட ஆங்கிலத்தில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"நான் விட்டாலும் அந்த மேசையில திருப்பி அனுப்பிடுவாங்க சார். பாஸ்போர்ட் இல்லாம முடியாது" என்றார்.

அவள் அந்த நடைமேடைக்குப் பின்னால் இருந்த குடியிருப்பில் பிறந்தவள். வண்டி நிற்கும்போது பெட்டிகளுக்குள் புகுந்து ஓடி விளையாடியவள். இப்போது கயிறு கட்டிய இடத்துக்கு இந்தப் பக்கம் நின்று வண்டியைப் பார்த்தாள்.

"உங்க பாஸ்போர்ட்டு இருக்குல்ல?" என்றாள்.

சட்டைப் பையில் இருந்தது. தேவையில்லாதவனுக்கு எல்லாம் சரியாக இருந்தது.

"நீங்க போங்க. எடுத்துட்டு சாயங்கால வண்டியில வந்துடுங்க. நான் ராத்திரி மெயில்ல போறேன்."

"தந்தி அடிச்சா..."

"தந்தி போய்ச் சேர்ற நேரத்துல நீங்களே போய்ச் சேர்ந்துடுவீங்க. நான் இங்கேயே இருக்கேன். வீட்டுக்குப் போனா பைத்தியம் பிடிச்சிடும்."

பழைய ஆள் ஒருவர் அவளை அடையாளம் கண்டு நாற்காலி கொண்டுவந்து போட்டார். நான் பாய் கடைக்கு ஓடினேன். ஒரு கிளாஸ் எனக்காகக் குடித்தேன். அவள் பயணமும் இதில் அடக்கமாயிற்றே என்று இன்னொன்று குடித்தேன். பயம் போதாமல் மூன்றாவதும் கேட்டேன்.

"என்ன தம்பி, நீங்களுமா?" என்றார் பாய். சிரிக்கவில்லை. காசும் வாங்கவில்லை.

எனக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. புக்கிட் தீமா காட்டுக்குள் வண்டி போகும்போதே வயிறு புரளத் தொடங்கிவிட்டது. பாலத்தின்மேல் இரண்டு பக்கமும் தண்ணீர் தெரிந்தபோது நான் பெட்டிக் கோடியில் இருந்த சின்ன அறைக்குள் இருந்தேன். இரண்டு நாட்டுக்கு நடுவில் இருக்கும் அந்த ஜலசந்தியைப் பார்க்காமலே கடந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். உள்ளே உட்கார்ந்து ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டேன்: நான் போய், திரும்பி, அவள் போய்ச் சேரும்வரை அவர் இருக்க வேண்டும்.

குளுவாங்கில் இறங்கி ஓடினேன். வாசலில் மச்சான்.

"எங்கே தங்கச்சி?"

"பாஸ்போர்ட்டு உங்க பையில போயிடுச்சு மச்சான். சேலைக்குள்ள."

அவர் பெரிய உடம்பு அப்படியே படியில் உட்கார்ந்தது. "நான் பிரிச்சே பாக்கல மாப்ள. அவ வந்து பிரிக்கணும்னு அப்படியே வச்சிருக்கேன்."

உள்ளே மாமனார் கட்டிலில் கிடந்தார். தொப்பி இல்லாத தலையை நான் அன்றுதான் பார்த்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். வலது கை மெல்ல நீண்டது.

"டிக்கெட்" என்றார்.

நான் சட்டைப் பையிலிருந்து டிக்கெட்டை எடுத்துக் கொடுத்துவிட்டேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். பிறகு நினைவு வந்ததுபோல என் முகத்தைத் தேடினார்.

"மாப்ளயா? அவ எங்கே?"

எத்தனை பேரை நான் பேசி ஏமாற்றியிருக்கிறேன். கிடங்கில் வெள்ளைக்காரத் துரைக்கே கதை விட்டவன். இந்த ஒரு கேள்விக்கு ஒரு பொய் வரவில்லை. சூலம், பரஸ்தானம், மயில்கழுத்துச் சேலை, வெந்நீர்ப் பை, பெல்ட்டு எல்லாவற்றையும் ஒன்று விடாமல் கொட்டிவிட்டேன். அவர் வயிறு குலுங்கியது. வலி என்று நினைத்து மச்சானைக் கூப்பிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தார். என் வாழ்நாளில் அவர் சிரித்து நான் பார்த்தது அது ஒன்றுதான். சிரிப்பு இருமலாகி, இருமல் மூச்சு வாங்கலாகி, அவருடைய தங்கை ஓடிவந்து நெஞ்சைத் தடவினார்.

"எதுக்குப்பா மருமவனே அவரைச் சிரிக்க வைக்கிறே? போற உசிரை நீயே அனுப்பிடுவே போலிருக்கே!" என்றார்.

"அவளை வரச் சொல்லு" என்றார் மாமனார், மூச்சு திரும்பியதும். "பயலுங்களையும்."

நான் தலையை ஆட்டினேன். பையன்களுக்குப் பாஸ்போர்ட் இல்லை என்பதை மட்டும் கொட்டாமல் விட்டிருந்தேன். சொல்ல நினைத்துப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிவிட்டார்.

பையிலிருந்து சேலையை எடுத்து உதறினோம். பாஸ்போர்ட் கையில் வந்தது. அப்போதுதான் மச்சானுக்கு இன்னொன்று உறைத்தது. "மாப்ள, செவ்வாய்க்கிழமை மூணுலேருந்து நாலரை ராகு காலம். உன் வண்டி அந்த நேரத்துலதான் கிளம்பும்."

"அதுக்கு?"

"மூணுக்கு முன்னாடி இதை வீட்டைவிட்டு வெளியே வச்சிடணும்."

திட்டியிருக்க வேண்டும். பக்கத்து மலாய்க்காரர் வீட்டு வேலிக்கட்டையின்மேல் பாஸ்போர்ட்டை வைத்தோம். காற்று அடித்துக்கொண்டு போய்விடுமே என்று நானும் வேலிக்கு அருகில் நின்றேன். கோழி வந்து கொத்திவிடுமே என்று இரண்டு கையையும் குடை மாதிரி மேலே பிடித்துக்கொண்டேன். அந்த வீட்டம்மா ஜன்னல் வழியாகப் பார்த்து எதையோ கேட்டார். எனக்குத் தெரிந்த மலாயில் "மாமனார் சாகிறார்" என்றேன். அவர் ஒரு முக்காலி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

பையையும் எடுத்துக்கொண்டு போகிறாயா என்று மச்சான் கேட்டபோது வேண்டாம் என்று அலறினேன். பை திரும்பி வந்தால் திங்கட்கிழமை கிளம்பின கணக்கும் திரும்பிவிடும் அல்லவா? அது அங்கேயே இருக்கட்டும். கேட்டீர்களா, இதைச் சொன்னது நான்தான்.

சாயங்கால வண்டி வழியில் எங்கேயோ நின்றுகொண்டே இருந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர் மூச்சு நின்றுவிட்டதாக நினைத்தேன். தஞ்சோங் பகாரில் இறங்கியபோது அவள் காலையில் உட்கார்ந்த அதே நாற்காலியில் இருந்தாள். எழுந்தாள். என் கையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தாள்.

"இருக்காரு" என்றேன். "சிரிச்சாரு."

"அப்பாவா?" நம்பவில்லை. "எதுக்கு?"

"என்னைப் பாத்து."

பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டாள். பை இல்லை, மாற்றுத் துணி இல்லை, வேலைக்குப் போகிறவள் மாதிரி கைவீசிக்கொண்டு முதல் மேசைக்கும் இரண்டாவது மேசைக்கும் போனாள். நானும் வருகிறேன் என்றதற்குப் பையன்களை யார் பார்ப்பது என்றாள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். வண்டி கிளம்பியபோது ஜன்னலிலிருந்து, "சின்னவனோட பெல்ட்டு அங்கே இருக்குன்னீங்களே, நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு என்ன பண்ணுவான்?" என்று கேட்டாள். வண்டி போய்விட்டது. அடுத்த நாள் அவன் சணல் கயிறு கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனான்.

காரியமெல்லாம் முடிந்து அவள் திரும்பி வந்த பிறகுதான் மீதியைக் கேட்டேன். ஒருநாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

போய்ச் சேர்ந்தபோது அவர் உறங்கிக்கொண்டிருந்தாராம். விடிந்ததும் கண்ணைத் திறந்து, "வந்துட்டியாம்மா" என்றாராம். அவள் கையைப் பிடித்துக்கொண்டாராம். பிறகு கேட்டாராம்: "பயலுங்க எங்கே?"

மீன்காரனிடம்கூடப் பொய் சொல்லத் தெரியாதவள் அவள். "வெளியே விளையாடுறானுங்கப்பா" என்று சொல்லிவிட்டாளாம்.

அவர் காதைத் திருப்பினாராம். வெளியே கோழிச் சத்தம்தான். மூலையில் உட்கார்ந்திருந்த மச்சான் எழுந்து போனாராம். கொஞ்ச நேரத்தில் வீட்டைச் சுற்றிப் பிள்ளைகள் ஓடுகிற சத்தம். பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளைகளையும் எதிர்வீட்டுச் சீனப் பிள்ளைகளையும் பிடித்து வந்திருக்கிறார். "சத்தமா, இன்னும் சத்தமா" என்று அவர் கெஞ்சுவதும் உள்ளே கேட்டதாம். மாமனார் கேட்டுக்கொண்டே, "பெரியவன்தான் முன்னால ஓடுறான்" என்றாராம்.

"பிறகு?" என்றேன்.

"அந்தப் பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூட நேரம் வந்துடுச்சு. போயிடுச்சுங்க. சத்தம் நின்னதும் அப்பா கண்ணைத் திறந்து தேடினாரு. உடனே மறுபடியும் ஓடுற சத்தம் கேட்டுச்சு. எட்டிப் பாத்தேன். அண்ணன். பனியனோட, வெறுங்காலோட, தனியா வீட்டைச் சுத்தி ஓடுது. அந்த உடம்பை வச்சிக்கிட்டு சின்னப் பிள்ளை மாதிரி கூச்சல் போடுது."

அவள் கையிலிருந்த சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"அப்பா போன பிறகும் ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு. நிறுத்துன்னு போய்ச் சொல்ல எனக்குக் கால் வரல."